க்ரூஸில் ஆன்போர்டு கிரெடிட் 350 டாலர் இருக்கிறது. டிப்ஸை முன்கூட்டியே கட்டச் சொல்கிறார் ஏஜெண்ட். கட்டலாமா?

உப்புக்காற்று (நியூ ஜெர்சி) · வெள்ளி இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். ஆகஸ்டில் ஆறு பேராக பேயோன் துறையிலிருந்து பகாமாஸ் போகிறோம். ராயல் கரீபியன் கம்பெனியின் கப்பல், 7 இரவு, இரண்டு கேபின். ஒன்றில் அப்பா அம்மா, இன்னொன்றில் நானும் மனைவியும் பிள்ளைகள் இருவரும். போர்ட் கனாவெரல், நாசோ, கோகோ கே என்று மூன்று இடங்களில் கப்பல் நிற்கும். எங்கள் யாருக்குமே இது முதல் கப்பல்.

பில்லில் ஆன்போர்டு கிரெடிட், அதாவது கப்பலில் செலவழிக்கத் தரும் சலுகைத் தொகை, என்று மூன்று வரிகள் இருக்கின்றன. கம்பெனிச் சலுகை 100 டாலர், ஏஜெண்ட் கொடுப்பது 150, மனைவி பேரில் அந்தக் கம்பெனியின் பங்கு 100 இருப்பதால் பங்குதாரர் சலுகை 100. மூன்றுமே எங்கள் கேபின் கணக்கில்தான் காட்டுகிறது. (இதைச் சுருக்கி ஓபிசி என்பார்கள். ஊரில் அதற்கு வேறு பொருள், அதனால்தான் தலைப்பில் முழுப் பெயர் போட்டேன்.)

ஏஜெண்ட் டிப்ஸை இப்போதே கட்டிவிடுங்கள், அங்கே போய்த் தொல்லை வேண்டாம் என்கிறார். ஆளுக்கு ஒரு நாளைக்கு 18.50, ஆறு பேருக்கு 7 நாள், மொத்தம் 777 டாலர். என் கேள்விகள்: இந்த 350 டாலரை எதற்கெல்லாம் செலவு செய்யலாம்? மிச்சம் இருந்தால் பணமாகக் கைக்கு வருமா? அப்பா அம்மா கேபினுக்கு மாற்ற முடியுமா?

கணக்குப்பிள்ளை · வெள்ளி இரவு 10.15

டிப்ஸை இப்போது கட்டாதீர்கள், தம்பி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் பிறகு.

கப்பலில் காசு புழங்காது. கேபின் அட்டைதான் எல்லாவற்றுக்கும். ராயல் கரீபியனில் அதற்கு சீபாஸ் என்று பெயர், கார்னிவல் கம்பெனியில் செயில் அண்ட் சைன். காபி, மசாஜ், கடையில் வாங்கும் டி-ஷர்ட், இன்டர்நெட், கப்பல்காரர்கள் மூலம் எடுக்கும் கரைச் சுற்றுலா எல்லாம் அந்தக் கணக்கில் பற்று எழுதப்படும். ஆன்போர்டு கிரெடிட் என்பது அதே கணக்கில் முதல் நாளே எழுதிவைக்கும் வரவு. கடைசி நாளில் பற்றிலிருந்து வரவைக் கழித்து, மீதி உங்கள் கிரெடிட் கார்டில் போகும்.

டிப்ஸ் முன்கூட்டிக் கட்டவில்லை என்றால் அதையும் இதே கணக்கில் நாள்தோறும் சேர்ப்பார்கள். உங்கள் கேபினில் நாலு பேர், ஒரு நாளைக்கு 74 டாலர், 7 நாளைக்கு 518. உங்கள் வரவு 350. நீங்கள் எதுவுமே வாங்காவிட்டாலும் ஐந்தாம் நாள் முடிவதற்குள் கிரெடிட் முழுவதும் தீர்ந்துவிடும். மிச்சம் என்ற பேச்சே இல்லை, அப்பா கேபினுக்கு மாற்றுவதற்கும் தேவை இல்லை. இப்போது 777-ஐயும் சொந்தப் பணத்தில் கட்டிவிட்டால் அந்த 350-க்குக் கப்பலில் செலவு தேடிக்கொண்டு திரிய வேண்டியிருக்கும்.

உப்புக்காற்று · வெள்ளி இரவு 10.32

இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை, அண்ணா. ஆனால் மிச்சம் வந்தால் பணமாகத் தருவார்களா என்பதைத் தெரிந்துகொள்ள ஆசை.

கணக்குப்பிள்ளை · வெள்ளி இரவு 10.50

அது கிரெடிட்டின் வகையைப் பொறுத்தது. திரும்பக் கிடைப்பது ஒன்று, கிடைக்காதது ஒன்று. கம்பெனி விளம்பரத்தில் தருவது பெரும்பாலும் இரண்டாவது வகை. ராயல் கரீபியன் சலுகைகளின் நிபந்தனையில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்: பண மதிப்பு கிடையாது, பயணத்தின் கடைசி இரவு 10 மணிக்குள் செலவழிக்காவிட்டால் காலாவதி. காலையில் இறங்கும்போது ஞாபகம் வந்து பயனில்லை.

ஏஜெண்ட் தருவது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். எந்த வகை என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் போதாது.

பங்குதாரர் சலுகைக்கு ராயல் கரீபியனில் 100 பங்கு இருக்க வேண்டும். 5 இரவு வரை 50 டாலர், 6 முதல் 9 வரை 100, 10 முதல் 13 வரை 200, 14-உம் அதற்கு மேலும் 250. கேபினுக்கு ஒன்றுதான். தானாக வராது, பங்கு வைத்திருக்கும் சான்றோடு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் செய்திருக்கிறீர்கள், நல்லது. கார்னிவல் குழுமத்திலும் 100 பங்குக்கு இதே போன்ற சலுகை உண்டு, ஆனால் அதைக் கேசினோவுக்கோ டிப்ஸுக்கோ பயன்படுத்த முடியாது என்று நிபந்தனையிலேயே இருக்கிறது. அதனால் என் கணக்கை எல்லாக் கம்பெனிக்கும் அப்படியே போடாதீர்கள். இந்தச் சலுகைக்காக மட்டும் யாரும் பங்கு வாங்கவும் வேண்டாம். பங்கு விலை ஒரே வாரத்தில் அதைவிட அதிகமாக இறங்கலாம்.

கால்வெஸ்டன் அக்கா (ஹூஸ்டன்) · சனி காலை 8.05

கணக்குப்பிள்ளை சொன்ன தப்பைத்தான் நான் செய்தேன், அதனால் எழுதுகிறேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்.

இரண்டு வருடம் முன்னால் கால்வெஸ்டனிலிருந்து போனோம். 200 டாலர் கிரெடிட் இருந்தது, டிப்ஸை முன்னாலேயே கட்டியாயிற்று. நாங்கள் குடிப்பதில்லை. சாப்பாடு பஃபேயிலும் பெரிய சாப்பாட்டு அறையிலும் இலவசம். நாலு நாள் ஆகியும் 60 டாலர்தான் போயிருந்தது. ஐந்தாம் நாள், கடைசி மாலை, கடைக்குள் நுழைந்தால் எங்களைப் போலவே எல்லாரும் கூடையோடு நிற்கிறார்கள். எங்கள் அளவில் டி-ஷர்ட் இல்லை. என் வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டு ஒன்றும் வாங்காமல் திரும்பிவிட்டார். 140 டாலர் போயிற்று. ஒரு மாதம் மனசு கேட்கவில்லை.

கிரெடிட் இருந்தால் முதல் நாளே என்ன செய்யப் போகிறோம் என்று முடிவு செய்துவிடுங்கள். மொபைல் ஆப்பில் கணக்கு தெரியும், தினமும் இரவு படுக்கும் முன் ஒரு தடவை பாருங்கள்.

நெய்தல் · சனி காலை 9.20

எல்லாரும் டிப்ஸ், டிப்ஸ் என்கிறீர்கள். கணக்குச் சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்.

போன வருடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். 70 வயது. எதைக் கேட்டாலும் "வேண்டாம்மா, எதுக்குச் செலவு" என்பாள். அம்மாவுக்கு ஒரு கால் மசாஜ் எடுக்க எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன். கப்பலில் "இது அவங்க கொடுத்த காசும்மா, செலவு பண்ணலைன்னா வீணாப் போயிடும்" என்றேன். உடனே வந்தாள். ஐம்பது நிமிடம். வெளியே வந்தபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. என் சொந்தப் பணம் என்றால் அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே மாட்டாள்.

உப்புக்காற்று, உங்கள் அம்மாவுக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள்.

கணக்குப்பிள்ளை · சனி காலை 10.02

நெய்தல், நீங்கள் சொல்வதை நான் மனமார ஏற்கிறேன். டிப்ஸை கிரெடிட்டில் கழித்தால் 350 டாலர் சொந்தப் பணம் மிஞ்சுகிறது, அதில் மசாஜ் எடுத்தாலும் ஒன்றுதான் என்று எழுத வந்தேன். ஆனால் உங்கள் அம்மாவிடம் அந்த விளக்கம் செல்லாது. என் அம்மாவிடமும் செல்லாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. மசாஜ், பானம் இரண்டுக்கும் விலைக்கு மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம் தானாகச் சேரும். 100 டாலர் என்று போட்டிருந்தால் கணக்கில் 118 ஏறும். அதையும் கிரெடிட்டிலிருந்தே கழிக்கலாம். துறையில் கப்பல் நிற்கும் நாளில் ஸ்பா காலியாக இருக்கும், தள்ளுபடி போடுவார்கள், அன்று விசாரியுங்கள்.

திரைகடலோடி (தூத்துக்குடி) · சனி இரவு 7.45

நான் ஆறு வருடம் கப்பலில் வேலை பார்த்தவன். முதலில் கேபின் சுத்தம், கடைசி இரண்டு வருடம் கெஸ்ட் சர்வீசஸ் கவுன்டர். இப்போது ஊரில் இருக்கிறேன்.

கிரெடிட்டைப் பற்றிக் கவுன்டருக்கு வந்த சண்டைகளில் பெரும்பாலானவை இரண்டே வகை. ஒன்று, "எனக்கு 150 வரணும், கணக்கில் காட்டலை." ஏஜெண்ட் தருவதாகச் சொன்ன தொகையை அவர் கப்பல் கம்பெனிக்கு அனுப்பியிருக்கவே மாட்டார். கவுன்டரில் இருப்பவனால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ஏறின முதல் மாலையே கணக்கைப் பாருங்கள், கப்பல் கிளம்பும் முன் ஏஜெண்டை போனில் பிடிக்கலாம். மின்னஞ்சலை அச்சடித்து எடுத்துப்போங்கள், நடுக்கடலில் இன்டர்நெட்டை நம்ப முடியாது.

இரண்டு, கணவன் பெயரில் கிரெடிட், மனைவி வேறு கார்டு கொடுத்திருப்பார். கணவன் கணக்கில் வரவு சும்மா கிடக்கும், மனைவி கணக்கில் பற்று ஏறும். ஒரே கேபினில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே கார்டின் கீழ் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. பிரிந்திருந்தால் கவுன்டரில் சொல்லி மாற்றலாம், ஆனால் கடைசி இரவு வரவேண்டாம். அன்று வரிசை லிஃப்ட் வரை நிற்கும்.

இன்னொன்று. கவுன்டருக்கு வந்து தினசரி டிப்ஸை எடுத்துவிடச் சொல்கிறவர்கள் உண்டு. அப்படி எடுத்துவிட்டு கிரெடிட்டைக் கடையில் செலவழிப்பார்கள். அந்தத் தொகை கேபின் பையன்களுக்கும் சாப்பாட்டு அறையில் ஓடுகிறவர்களுக்கும் உங்கள் கண்ணில் படாத துணி துவைக்கும் ஆட்களுக்கும் பங்காகிப் போவது. நான் கேபினில் இருந்த காலத்தில் வீட்டுக்கு அனுப்பிய பணத்தில் பெரிய பங்கு அதுதான், சம்பளம் கொஞ்சம். கிரெடிட்டை வைத்து டிப்ஸ் கட்டுங்கள் என்று கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது. தயவுசெய்து எடுக்க மட்டும் சொல்லாதீர்கள்.

உப்புக்காற்று · சனி இரவு 8.30

எடுக்க மாட்டோம், அண்ணே. உறுதி. எல்லாரும் ஒரே கார்டின் கீழ் இருக்கிறோமா என்று ஆப்பில் பார்த்தேன். எங்கள் கேபின் என் கார்டில், அப்பா கேபினில் இன்னும் கார்டே போடவில்லை. என் கார்டையே போட்டுவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்தான் (டொரண்டோ) · ஞாயிறு காலை 7.10

தம்பி, எங்கட அனுபவத்தையும் சொல்லுறன். போன வருசம் மயாமிக்குப் பறந்து போய் அங்கயிருந்து கப்பல் ஏறினனாங்கள். காத்து பலமெண்டு ஒரு துறைமுகத்தில கப்பல் நிக்கேல்லை. அடுத்த நாள் காலமை கணக்கைப் பாத்தா ஆளுக்குக் கொஞ்சக் காசு வரவு வைச்சிருக்கினம். என்னெண்டு கேட்டா, அந்தத் துறைமுகத்துக்கெண்டு டிக்கட்டோட வாங்கின வரியைத் திருப்பித் தந்திருக்கினம் எண்டு சொன்னவை. ஜூன் முதல் நவம்பர் வரைக்கும் அந்தப் பக்கம் சூறாவளிக் காலம், நீங்கள் ஆகஸ்டில போறியள். ஒரு துறை தவறினா இதைப் பாக்க மறக்காதேங்கோ.

மற்றது, பிள்ளையளின்ர அட்டை. எங்கட சின்னவன் வீடியோ கேம் அறையில அட்டையைத் தட்டித் தட்டி விளையாடி ரெண்டு நாளில 90 டொலர் முடிச்சுப்போட்டான். எங்கட கிரெடிட் எல்லாம் அங்கதான் போனது. முதல் நாளே கவுன்டரில சொல்லி அவையின்ர அட்டைக்கு ஒரு வரம்பு வைக்கலாம்.

கால்வெஸ்டன் அக்கா · ஞாயிறு காலை 8.40

இது முக்கியம். பிள்ளைகள் இருக்கும் எல்லா வீட்டுக்கும்.

சிங்கைவாசி · ஞாயிறு மதியம் 1.15

சிங்கப்பூரிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. இங்கே மரீனா பேயில் ஏறினாலும் ராயல் கரீபியனில் கணக்கு அமெரிக்க டாலரில்தான். ஸ்டார்ட்ரீம் (முன்பு ரிசார்ட்ஸ் வேர்ல்ட்) நடத்தும் ஜென்டிங் ட்ரீம் கப்பலில் சிங்கப்பூர் டாலர். 50 கிரெடிட் என்றால் எந்த டாலர் என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள்.

எங்களுடையது மூன்று, நாலு இரவுப் பயணம்தான், கிரெடிட்டும் சின்னது. ஒரு ஆளுக்கு இன்டர்நெட் எடுத்தால் தீர்ந்துவிடும். ஆனால் இன்டர்நெட், பானத் திட்டம், தனி உணவகம் மூன்றும் ஏறுவதற்கு முன் இணையத்தில் வாங்கினால் கப்பலில் இருப்பதைவிட விலை குறைவு. கிரெடிட் இருக்கிறதே என்று கப்பலில் ஏறி வாங்கினால் அந்த வித்தியாசத்துக்கே கிரெடிட்டின் ஒரு பகுதி போய்விடும். நான் இரண்டு தடவை அப்படி வாங்கிய பிறகுதான் இது எனக்குப் புரிந்தது.

மெரினா_வாசி (சென்னை) · ஞாயிறு மாலை 6.00

ஒரு சந்தேகம். 2020-இல் ஒரு பயணம் ரத்தானபோது எங்களுக்குக் கிரெடிட் தருவதாகச் சொன்னார்கள். அதுவும் இதுவும் ஒன்றா? இந்தியக் கார்டு கொடுக்கலாமா?

கணக்குப்பிள்ளை · ஞாயிறு மாலை 6.40

வேறு. அது ஃப்யூச்சர் க்ரூஸ் கிரெடிட், அடுத்த டிக்கட் விலையில் கழிப்பது. ஆன்போர்டு கிரெடிட்டை டிக்கட்டில் கழிக்க முடியாது. கொரோனா காலத்தில் கார்னிவல் இரண்டையும் சேர்த்துக்கூடக் கொடுத்தது: கட்டின பணம் முழுவதும் அடுத்த பயணத்துக்கு, அதன்மேல் பயணம் எத்தனை நாள் என்பதைப் பொறுத்து 300 அல்லது 600 டாலர் கப்பல் செலவுக்கு. அதனால்தான் பலருக்கு இரண்டும் குழம்பிவிட்டது.

இந்திய கிரெடிட் கார்டு செல்லும். ஆனால் டாலர் பில்லுக்குப் பல வங்கிகள் 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிக்கும், அதன்மேல் ஜிஎஸ்டி. டெபிட் கார்டும் ஃபாரெக்ஸ் கார்டும் வேண்டாம். தினமும் ஒரு தொகையை நிறுத்திவைப்பார்கள், இறங்கிய பிறகும் பல நாள் அது விடுபடாது. ஊர் திரும்பும் வழியில் கையில் காசில்லாமல் நிற்க வேண்டிவரும்.

நெய்தல் · ஞாயிறு இரவு 9.10

உப்புக்காற்று, போர்ட் கனாவெரலில் நிற்கும் என்றீர்களே. கென்னடி விண்வெளி மையம் பக்கத்தில்தான். கப்பல் மூலமாகவே கூட்டிப்போகும் சுற்றுலா இருக்கும், அதைக் கிரெடிட்டில் எடுக்கலாம். கோகோ கே அவர்களுடைய தீவு, அங்கேயும் சீபாஸ் அட்டை செல்லும். நாசோ தெருக் கடைகளில் செல்லாது, கையில் காசோ கிரெடிட் கார்டோ வேண்டும்.

உப்புக்காற்று · ஞாயிறு இரவு 9.25

அப்பா இயற்பியல் ஆசிரியராக 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போதுதான் அவரிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்து "எத்தனை மணிக்கு பஸ்" என்றார்.

உப்புக்காற்று · மூன்று வாரம் கழித்து

திரும்பிவிட்டோம். கணக்கு முழுவதையும் எழுதுகிறேன், அடுத்து போகிறவர்களுக்கு ஆகும்.

டிப்ஸ் முன்கூட்டிக் கட்டவில்லை. முதல் மாலை ஆப்பைப் பார்த்தால் 350-க்குப் பதில் 200தான் இருந்தது. ஏஜெண்டின் 150 வரவில்லை. திரைகடலோடி அண்ணன் சொன்ன அதே கதை. கப்பல் இன்னும் துறையிலேயே நின்றதால் உடனே போன் செய்தேன். அனுப்ப மறந்துவிட்டதாக மன்னிப்புக் கேட்டார், மூன்றாம் நாள் காலை கணக்கில் ஏறியது. அண்ணன் சொல்லியிருக்காவிட்டால் கடைசி நாள்தான் கவனித்திருப்பேன்.

பெரியவனுக்கும் சின்னவளுக்கும் வீடியோ கேம் வரம்பு ஆளுக்கு 20 டாலர் வைத்தோம். இரண்டாம் நாளே தீர்ந்தது, கொஞ்சம் அழுகை, பிறகு நீச்சல் குளம். டொரண்டோ அண்ணனுக்கு நன்றி.

அம்மாவிடம் நெய்தல் அக்கா சொன்ன வாக்கியத்தை அப்படியே சொன்னேன். முதலில் வேண்டாம் என்றார். வீணாகிவிடும் என்றதும் வந்தார். கால் மசாஜ், 18 சதவீதத்தோடு கணக்கில் ஏறியது. மறுநாள் காலை அம்மா மாடிப்படியில் ஏறியே பஃபேக்கு வந்தார்.

கென்னடி மையத்துக்கு நானும் அப்பாவும் பெரியவனும் மட்டும் போனோம். அட்லாண்டிஸ் விண்வெளி ஓடத்தை மேலே சாய்வாக, கதவு திறந்த நிலையில் வைத்திருக்கிறார்கள். அங்கே அப்பா கொஞ்ச நேரம்தான் நின்றார். பிறகு சாட்டர்ன் 5 ராக்கெட்டைப் படுக்கவைத்திருக்கும் கூடம். 363 அடி நீளம். அப்பா ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பேரனைக் கைபிடித்து நடத்திக்கொண்டு போனார். ஒவ்வொரு கட்டமும் எங்கே கழன்று விழும், ஏன் விழ வேண்டும் என்று சொல்லிக்கொண்டே. தமிழ் தெரியாத இரண்டு பேர் பின்னாலேயே நின்று கேட்டார்கள். நான் அவர் வகுப்பில் உட்கார்ந்ததே இல்லை, வேறு பள்ளியில் படித்தேன். நாற்பது வயதில் முதல் தடவையாக அப்பா பாடம் நடத்திப் பார்த்தேன்.

கடைசியில் டிப்ஸ், சுற்றுலா, மசாஜ் எல்லாம் சேர்த்துக் கிரெடிட்டைத் தாண்டிப் போயிற்று, மீதி என் கார்டில். ஒரு டாலர்கூடக் காலாவதியாகவில்லை. கடைசி இரவு கடைப் பக்கமே போகவில்லை. எங்கள் கேபினைப் பார்த்துக்கொண்ட பையன் நாகர்கோவில்காரர் என்று நாலாம் நாள்தான் தெரிந்தது. அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த முறுக்கில் பாதியை அவரிடம் கொடுத்துவிட்டார்.

திரைகடலோடி · அன்றே இரவு 11.05

தம்பி, நான் கப்பலில் இருந்த ஆறு வருடத்தில் எனக்கு முறுக்கு கொடுத்தவர் ஒரே ஒருத்தர்தான். காரைக்குடிக்காரம்மா. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.